சித்திரைக்கு ஒரு கதைப் புத்தகம்

"அம்மம்மா, எங்கட ஊரில எப்ப பனி உருகும்?"

சாம்பல்தீவில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இப்படிக் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மாசி மாதக் கடைசி. பிள்ளையின் மடியில் வெளிநாட்டிலிருந்து எப்போதோ அன்பளிப்பாக வந்த ஒரு படப் புத்தகம் கிடந்தது. வசந்த காலத்தைப் பற்றியது. வெள்ளைப் பனி உருகுகின்றது, அதன் அடியிலிருந்து மஞ்சள் பூக்கள் தலைகாட்டுகின்றன, செம்மறிக்குட்டிகள் துள்ளுகின்றன, முயல் ஒன்று வளையை விட்டு வெளியே வருகின்றது. நல்ல தாள், நல்ல நிறம்.

அம்மம்மா சற்று யோசித்தார். "விடியப்புறம் புல்லில கிடக்குமே, அதுதானப்பன் பனி. வெயில் வந்தா உருகிப் போயிடும்" என்றார்.

பிள்ளை புத்தகத்தைப் பார்த்தான். பிறகு முற்றத்தைப் பார்த்தான். இரண்டும் ஒன்றென்று அவனுக்குப் படவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியைக் கேட்டான். அம்மம்மாவும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. பிள்ளை முன்பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று ரீச்சர் சொல்லியிருந்தார். பாட்டுக்கு எழும்பமாட்டான், பெயர் கேட்டாலும் குனிந்துகொள்வான். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். தகப்பன் வேறு குடும்பம் என்று போய்விட்டார். அம்மம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. காலையில் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி, பின்னேரம் பிள்ளை, இரவில் சுருட்டிக்கொண்டு படுக்கை. இடையில் பிள்ளையை அமைதியாக வைத்திருப்பது தொலைபேசிதான். பனியைப் பற்றிய அந்தக் கேள்விதான் அன்று நான் அவனிடம் கேட்ட மிக நீளமான வசனம். அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை என்பது எனக்கு மனதில் தைத்துக்கொண்டே இருந்தது.

வாசகிகளே, குற்றம் அம்மம்மாவுடையது அல்ல. எமது மொழியில் 'பனி' என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் பொருந்தும், கனடாவில் முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடப்பதற்கும் பொருந்தும். பார்த்திராத ஒன்றை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எப்படி விளக்குவார்?

எங்கள் ஊரின் வசந்தம்

ஐரோப்பாவில் எழுதப்படும் குழந்தைப் புத்தகங்களில் வசந்தம் என்பது ஒரு பெரிய விடுதலை. நான்கு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளை வெளியே ஓடும் காலம் அது. எங்களுக்கு அப்படியில்லை. தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் அந்தக் கணக்கும் எங்கள் கரைக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. அதன்படி ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். திருகோணமலையில் அப்போது நிலம் வெடித்துக் கிடக்கும். எங்களுக்கு மழை ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரைக்கும் வாடைக்காற்றோடு வருவது.

அப்படியென்றால் எங்கள் பிள்ளைகள் அடைந்து கிடக்கும் காலம் எது? அதே மாரிதான். முற்றத்தில் வெள்ளம், பாதையில் சேறு, கடல் கொந்தளிப்பு, தகப்பனுக்குத் தொழில் இல்லை, வீட்டில் காசு இல்லை. அது முடிந்து மாசி, பங்குனி வரும்போது இங்கும் ஒரு கதவு திறக்கின்றது. வேம்பு பூக்கும். கிணற்றடி எல்லாம் அந்த வாசம். மாமரத்தில் பிஞ்சு தொங்கும். முள்முருக்கு இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாய் நிற்கும். கொன்றை மஞ்சளாய்ச் சரம் விடும். குயில் விடியற்காலையில் ஆளை நித்திரைகொள்ள விடாது. சிங்கள மக்களுக்கும் குயிலும் முள்முருக்கும்தான் புத்தாண்டு வருவதற்கு அடையாளம். கடல் தணியும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடிப்பார்கள். களப்பு நீர் பின்வாங்க, சேற்றில் கொக்குகள் வரிசையாக நிற்கும். பிறகு ஊஞ்சல், மருத்துநீர், கைவிசேடம்.

மட்டக்களப்பில் பையன்கள் கோலெடுத்து ஆடும் ஆட்டத்துக்கே 'வசந்தன்' என்றுதான் பெயர். அந்தப் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி 1940இல் நூலாக வெளியிட்டார். ஆக, வசந்தம் எங்களுக்கு வேற்றூர்ச் சரக்கு அல்ல. அது எங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கும் படப் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்குக் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரைக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. அனுப்பியவர்களின் மனம் பெரியது. ஆனால் அவை அவர்களுடைய பிள்ளைகள் வாசித்து முடித்த புத்தகங்கள். நான் போன ஒரு முன்பள்ளியில் (பெயர் வேண்டாம்) அப்படியான புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. "பிள்ளைகள் கிழிச்சுப் போடுவினம், மிஸ். ஆராவது பாக்க வந்தாத் திறந்து காட்டுவம்" என்றார்கள். திறப்பு எங்கே என்று கேட்டேன். அதைத் தேடுவதற்கே அரை மணித்தியாலம் சென்றது. கிழிந்த புத்தகம் பிள்ளை தொட்ட புத்தகம். பத்து வருடம் கிழியாமல் இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

புழுவும் தேசிமரமும்

அடுத்த முறை போகும்போது நான் வேறு ஒரு புத்தகத்தைக் கொண்டுபோனேன். எரிக் கார்ல் என்பவர் 1969இல் எழுதி வரைந்த, பசி தாங்காத ஒரு குட்டிப் புழுவின் கதை. உலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன புத்தகம். இங்கிலாந்தில் வாழும் பிள்ளைகளுக்காகத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பும் வந்திருக்கின்றது. புழு தின்ற பழங்களில் எல்லாம் உண்மையாகவே ஓட்டை போட்டிருப்பார்கள். பிள்ளை விரலை விட்டுப் பார்க்கலாம். கடதாசி குத்தும் கருவியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்கு அந்த எண்ணமே வந்ததாம். அப்படி ஓட்டை போட்டு, அளவு அளவாக வெட்டிய தாள்களோடு குறைந்த செலவில் அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், முதற்பதிப்பை ஜப்பானில் அச்சடித்தார்கள்.

அம்மம்மா புத்தகத்தை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் பிள்ளை வரும். எண்பத்தஞ்சுக் குழப்பத்தோட பள்ளிக்கூடம் நிண்டது. நான் வாசிச்சா இவன் சிரிப்பான்."

சமூக வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. சாதாரண தரம் வரை படித்த தாய்மாரும் பிள்ளைக்கு முன்னால் புத்தகத்தை விரிக்கக் கூச்சப்படுகின்றார்கள். வாசிப்பு என்பது பரீட்சை என்று எமக்குப் பழகிவிட்டது. பிழைவிட்டால் ரீச்சர் அடிப்பார் என்ற பயம் முப்பது வருடத்துக்குப் பிறகும் உள்ளே இருக்கின்றது.

"வாசிக்க வேண்டாம் அக்கா. படத்தைக் காட்டி என்னவெண்டு அவனிட்டக் கேளுங்கோ. அவன் சொல்லுறதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ. ஒரு சொல்லைக் கூடச் சேத்துச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்" என்றேன்.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1988இல் அமெரிக்காவில் வைற்ஹேர்ஸ்ற் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு இந்த முறையைப் பழக்கினார்கள். தாய் வாசிக்கப் பிள்ளை கேட்பது என்பதை மாற்றி, பிள்ளை சொல்லத் தாய் கேட்பது என்று வைத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தது. இரண்டு பகுதியினரின் வீட்டிலும் புத்தகங்கள் இருந்தன, வாசிப்பும் நடந்தது. வித்தியாசம் யார் பேசினார்கள் என்பதில்தான். இங்கிலாந்தில் 1992இல் பேர்மிங்ஹாம் நகரத்தில் தொடங்கிய ஒரு திட்டம், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கே இலவசமாகப் புத்தகம் கொடுத்தது. பிறகு அது நாடு முழுவதும் பரவியது. எங்கள் தாய்மார் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நிறைக்கும் ஊசிக்கும் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சத்தை ஒரு புத்தகத்துக்கும் கொடுத்தால் என்ன என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சரி, கதைக்கு வருவோம். அம்மம்மா தொடங்கினார். திங்கட்கிழமை ஓர் அப்பிள். அது சரி, அப்பிள் தெரியும். அடுத்தது பெயார்ஸ். "இது கொய்யா மாதிரி" என்றார். அதற்கு அடுத்தது ஊதா நிறத்தில் மூன்று பழம்.

"நாவற்பழம்."

"நாவல் இன்னும் பழுக்கேல்லையே அம்மம்மா!"

இருவரும் அதில் கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டார்கள். அவன் கையை நீட்டி வளவின் கோடியில் நிற்கும் நாவல் மரத்தைக் காட்டினான். அம்மம்மா விடவில்லை. "இது வேற ஊர் நாவல், அங்க இப்பவே பழுத்திட்டுது" என்று ஒரே போடாகப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்ததைவிட அந்த வாக்குவாதம் எத்தனையோ மடங்கு பெறுமதியானது.

அன்று பின்னேரமே அவனைக் கிணற்றடித் தேசிமரத்துக்குக் கூட்டிப்போனோம். தேசிமரம் உள்ள வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இளம் இலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது புழு. பறவைக்குத் தப்புவதற்கு அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப்பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். நாங்கள் வழமையாகப் பிடுங்கிக் கோழிக்குப் போடுவது அதைத்தான். அன்று ஒன்றை விட்டுவைத்தோம்.

முன்பள்ளி ரீச்சருக்கும் சொன்னேன். அவர் ஆர்வமான பெண். ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் தேசிக்கொப்பு ஒன்றை வைத்து, அந்தப் புழுவை விட்டு, மூடியில் ஓட்டை போட்டு வகுப்பு யன்னலில் வைத்தார். தினமும் பிஞ்சு இலை கொண்டுவருவது யார்? எங்கள் வாய் திறக்காத பிள்ளைதான். தேசிமரம் அவன் வீட்டில் அல்லவா இருக்கின்றது. நாலாவது நாள் "புழு பீ போட்டிருக்கு" என்று வகுப்புக்குக் கேட்கக் கத்தினானாம். முன்பள்ளியில் அவனுடைய முதல் பேச்சு அதுவென்று ரீச்சர் எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

புழு கூட்டுப்புழுவாகிக் கொப்போடு தொங்கியது. ஏறக்குறையப் பத்து நாளில் வண்ணாத்திப்பூச்சி வரும் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். அது வந்தது புத்தாண்டு விடுமுறையில். ஓட்டைகள் போதாவே என்று ரீச்சர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்ததால் அது பறந்தும் போய்விட்டது. விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளுக்கு வெறும் கூடுதான் மிச்சம். சிலர் அழுதார்கள். "சட்டையக் கழட்டிப் போட்டிட்டுப் போயிட்டுது" என்று ஒரு பெண்பிள்ளை விளக்கம் சொன்னாள். பங்குனி, சித்திரையில் வண்ணாத்திப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகச் சிவனொளிபாதமலைப் பக்கம் போகும் என்பது நாட்டில் எல்லோரும் சொல்வது. சிங்களத்தில் அந்த மலைக்கே வண்ணாத்திப்பூச்சி மலை என்று ஒரு பெயர் இருக்கின்றது. எங்களுடையதும் அங்கேதான் போயிருக்கும் என்று ரீச்சர் சொல்லிச் சமாளித்தார்.

எதை வாங்குவது, எங்கே தேடுவது

புத்தகம் விலை கூடிவிட்டது என்று தாய்மார் சொல்வது உண்மை. 2022 நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதை மறக்க முடியாது. ஆனாலும் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன.

எமது நாட்டிலேயே சிபில் வெத்தசிங்க என்ற அம்மையார் (1927–2020) எழுதி வரைந்த குடைத் திருடன் கதையைத் தேடிப் பாருங்கள். குடையையே காணாத ஒரு கிராமம். ஒருவர் பட்டணத்தில் குடை வாங்கிவர, அது களவு போகின்றது. திரும்பத் திரும்ப வாங்க, திரும்பத் திரும்பக் களவு. திருடன் யார் என்பதை நான் சொல்லமாட்டேன். சித்திரை வெயிலில் குடைபிடித்துப் போகும் ஒவ்வொரு நாளும் பிள்ளை அந்தக் கதையைக் கேட்பான். ஓலை வீடும் தேநீர்க் கடையும் மரமும் நாம் பார்த்த அதே வீடு, கடை, மரம்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பிள்ளைகளுக்கு எழுதிய பாட்டுக்களை அம்மம்மாமார் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய அவருடைய பாட்டை, தோட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் உண்மையான வெருளிக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். எங்கள் மாவட்டத்திலேயே கேணிப்பித்தன் என்ற பெயரில் ச. அருளானந்தம் சிறுவர்களுக்கென்று நிறைய எழுதியிருக்கின்றார். மட்டக்களப்பில் ஓ. கே. குணநாதன் இருக்கின்றார். இவர்களுடைய புத்தகங்கள் பாடசாலை நூலகங்களில் இருக்கும். கேட்டு எடுக்க வேண்டும். ஆழிப்பேரலைக்கு அடுத்த வருடம் இலங்கைக்கு வந்த 'ரூம் டு ரீட்' நிறுவனமும் சிங்களத்திலும் தமிழிலும் இங்குள்ளவர்களைக் கொண்டே படக்கதைகள் எழுதி, வரைந்து வெளியிட்டிருக்கின்றது.

தொலைபேசியைப் பிள்ளையிடமிருந்து முழுதாகப் பறிக்க முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்கின்றேன். அப்படியென்றால் அதையும் கொஞ்சம் எமக்கு வேலைசெய்ய வைப்போம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்ரோரிவீவர்' தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் உண்டு. இறக்கி அச்சடிக்கவும் அனுமதி தந்திருக்கின்றார்கள். பிள்ளை தனியே பார்ப்பதற்கு அல்ல, மடியில் வைத்து இருவரும் பார்ப்பதற்கு.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று. பங்குனி மாத மாதர் சங்கக் கூட்டத்தில் தாய்மாருடன் சேர்ந்து நாங்களே புத்தகம் செய்தோம். பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கம், நான்கு தாள், நடுவில் மடித்துத் தையல் நூலால் ஒரு தையல். எட்டுத் தாள், பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு வசனம். 'எங்கள் வேம்பில் பூ', 'எங்கள் களப்பில் கொக்கு' என்று ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைக்கு எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். வரையத் தெரியாதவர்கள் உண்மையான பூவையும் இலையையும் ஒட்டினார்கள். (வேப்பம்பூ இரண்டு நாளில் உதிர்ந்துவிட்டது. கொன்றை இதழ் தாக்குப்பிடித்தது.) காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவதை ஒருவர் கதையாகச் சொல்லத் தொடங்கினார். "அப்ப குயில் கெட்ட அம்மாவா?" என்று கூட்டத்தில் ஒரு பிள்ளை கேட்டது. தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். பிறகு எங்கள் அம்மம்மாதான் சொன்னார்: "குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாதப்பன். அதால காகத்திட்டக் குடுத்திட்டு, பக்கத்து மரத்தில இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்குது. கேக்கேல்லையே?"

அந்தப் பதிலைச் சமூகவியல் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏப்ரல் 2ஆம் திகதி சர்வதேசச் சிறுவர் புத்தக தினம். டென்மார்க்கின் கதைசொல்லி ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சனின் பிறந்தநாள் அது. 1967 தொடக்கம் கொண்டாடுகின்றார்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். இரண்டுக்கும் நடுவில் எங்கள் சித்திரைப் பிறப்பு. இந்த முறை கைவிசேடத்தோடு கலண்டர் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுப்பதென்று மாதர் சங்கம் தீர்மானித்தது. கையில் காசும் வெற்றிலையும், அதோடு ஒரு புத்தகமும். காசை மட்டும் எண்ணிக்கொண்டு ஓடிய பிள்ளைகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

குவைத்தில் இருக்கும் தாய்க்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. புழுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வட்சப்பில் அனுப்பிவைத்தோம். வெள்ளி பின்னேரங்களில் தாய் அங்கிருந்து வாசிக்க, பிள்ளை இங்கே பக்கத்தைத் திருப்புகின்றான். மூன்றாவது பழத்தில் தாய் 'பிளம்ஸ்' என்று வாசித்ததும் அவன் மறித்தானாம். "இல்ல அம்மா, அது வேற ஊர் நாவல்."

வைகாசி முதற் கிழமை நான் போனபோது அம்மம்மா ஒரு விண்ணப்பத்தோடு காத்திருந்தார்.

"பிள்ளை, அந்தப் பனிப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு போயிட்டீங்களே, அதையும் ஒருக்காத் தாங்கோ."

"அது உங்களுக்கு விளங்கேல்லை எண்டுதானே அக்கா…"

"கனடாவில எங்கட தம்பி இருக்கிறானே. அவன் போனில பனிப் படம் அனுப்பியிருக்கிறான், வாசல்ல சவளால அள்ளிக்கொண்டு நிக்கிறான். இவன் இப்ப அந்தப் புத்தகத்தைத்தான் கேக்கிறான். மாமா வீட்டுப் பனி உருகிச்சுதோ எண்டு பாக்க வேணுமாம்."

புத்தகம் இப்போது மறுபடியும் அந்தத் திண்ணையில் இருக்கின்றது. முயல் இருந்த பக்கம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.